விரிசலுக்கு வழி விட்டவள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையது அல்ல, அக்காவிடம் சுட்டது. கார்பன் இழையையும் பசையையும் அடுக்கடுக்காகச் சேர்த்துச் செய்யும் செயற்கைப் பாதத்தைக் கணினியில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, எங்கே, எப்போது விரிசல் விடும் என்று பார்ப்பது அவள் வேலை.

முதல் தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்த ஒரு—'

(வேண்டாம். அவள் அறைக்கு ஜன்னலே கிடையாது.)

2

அன்று காலை ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் கொண்டாட்டம். திரையில் விரிசல் குதிகாலில் கிளம்பி, நூல் பிடித்ததுபோல் ஓடி, பத்து லட்சம் அடி நடந்த பிறகும் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. பாதம் தேறிவிட்டது! வெளியே ஒரு தபால்காரர் காத்திருந்தார். முதல் பாதம் அவருக்குத்தான். ஒன்றாம் தேதிக்குள் நடந்து காட்டாவிட்டால் அவருடைய தெருக்கள் வேறொருவருக்குப் போய்விடும்.

அக்கா மட்டும் திரையை விட்டு நகரவில்லை. (இங்கே அவளை அழவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் அழுகிறவள் இல்லை, நகம் கடிக்கிறவள்.)

"சார், நான் தப்பு பண்ணிட்டேன். விரிசல் இவ்வளவு நேரா ஓடாது. நான் போட்ட கட்டத்துக் கோடெல்லாம் நேரா இருக்கு, விரிசலும் வேற வழியில்லாம அந்தக் கோட்டு மேலயே போயிருக்கு."

"யாருக்கும்மா தெரியப்போகுது?" என்றார் மேலாளர்.

"வெளிய உட்கார்ந்திருக்காரே, அவர் படியேறும்போது தெரியும் சார்."

3

எனக்குப் பொறாமை. இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன். யார் எங்கே உடைய வேண்டும் என்று முன்பே கோடு போட்டுவைப்பேன். உடைந்ததும் 'ஆஹா, வாழ்க்கை!' என்று நானே கைதட்டிக்கொள்வேன். எல்லோரும் பாராட்டும் நேரத்தில் 'இது தப்பு' என்று ஒரு நாளும் எழுந்து நின்றதில்லை.

4

அக்கா கட்டங்களைக் கலைத்து, தாறுமாறான முக்கோணங்களாக மறுபடி போட்டாள். கணக்கு ஓடி முடிய மூன்று நாள். தபால்காரரிடம் அவளே போய்ச் சொன்னாள்.

"உடைஞ்சா?"

"முதல்ல இருந்து செய்யணும் அண்ணா. ஒன்னாம் தேதி தாண்டிடும்."

அவர் வெளியே இருந்த நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார். பிறகு, "நடுத்தெருவுல உடையறதுக்கு, இங்கயே உடைஞ்சிட்டுப் போகட்டும்மா," என்றார்.

5

முடிவு அ: பாதம் தாங்குகிறது. ஒன்றாம் தேதி அவர் பையை மாட்டிக்கொண்டு—

முடிவு ஆ: பாதம் பிளக்கிறது. அவருடைய தெருக்களில் வேறொரு—

இரண்டையும் அக்காவிடம் காட்டினேன்.

"நீயும் கோடு போட ஆரம்பிச்சிட்டியாடா?" என்றாள்.

பேனாவை மூடிவிட்டேன். இன்று மூன்றாம் நாள். திரையில் விரிசல் ஒரு முக்கோணத்தின் முனைக்கு வந்திருக்கிறது. அங்கிருந்து ஐந்தாறு வழி. அக்கா நகம் கடிக்கிறாள், தபால்காரர் அதே நாற்காலியில். நீங்களும் வந்து உட்காருங்கள். என்ன வேண்டுமானாலும் வேண்டிக்கொள்ளலாம், கோடு மட்டும் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.