ஒழுகாத டார்ன்லி

ஹெட்லியின் பழைய டார்ன்லி கார் ஆயில் ஒழுகும். இங்கிலாந்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் யாரும் அதை ஒரு நோயாக நினைப்பதில்லை. "ஒழுகலைன்னா உள்ள ஆயிலே இல்லைன்னு அர்த்தம்" என்று டார்ன்லி கார்க்காரர்கள் சங்கத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அடுத்தவர் வீட்டில் வண்டியை நிறுத்தினால் டிக்கியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து எஞ்சினுக்குக் கீழே விரித்துவிட வேண்டும், அதுதான் அவர்களுக்குள் மரியாதை. ஹெட்லியும் தவறாமல் விரிப்பவர்தான். ஆனால் போன கோடையில், ஹாரோகேட்டில் மகள் ஃபிலிப்பா வீட்டுக்குப் போன அன்று, அட்டையைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்த வீட்டில் வாசல் பூராவும் மருமகன் அட்ரியன் அப்போதுதான் புதுக்கல் பதித்திருந்தான்.

மறுநாள் ஃபிலிப்பா போனில் சொன்னாள்: "அப்பா, கறை போகவே மாட்டேங்குது. அட்ரியன் எவ்ளோ ஆசையாப் போட்ட கல்லு! இந்த ஒழுக்கு நிக்கிற வரைக்கும் வண்டிய இங்க கொண்டுவராதீங்க."

அதன் பிறகு அவள் இவரை வீட்டுக்குக் கூப்பிடவேயில்லை. போன் பண்ணினால் எடுப்பாள், நன்றாகத்தான் பேசுவாள், வாங்க என்று மட்டும் சொல்ல மாட்டாள். ரயிலில் வரட்டுமா என்று இவராவது கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. ஆயுள் முழுக்க எஞ்சினோடு மல்லுக்கட்டிய மனிதர். கோளாறு இன்னது என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அதைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற ஜாதி. மகள் ஆயில் என்றாள், ஆக ஆயில்தான். மனைவி மேவிஸ் இருந்திருந்தால், "சரியான மண்டு ஐயா நீங்க" என்று போட்டு உடைத்திருப்பாள். மேவிஸ் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது.

ஒழுகிய இடமும் லேசுப்பட்டதல்ல. எஞ்சினின் பின்பக்கம், கிராங்க் ஷாஃப்ட் என்கிற சுழல்தண்டைச் சுற்றி கிராஃபைட் பூசிய ஒரு கயிறு இருக்கும். அதுதான் ஆயிலைத் தடுத்து நிறுத்துவது. இந்தக் காலத்து ரப்பர் சீல் அங்கே உட்காராது. டார்ன்லி கம்பெனி மூடியே எத்தனையோ காலம் ஆகிவிட்டது. சங்கத்தில் உதிரி பாகங்களைப் பார்த்துக்கொள்ளும் ரெஜ்ஜுக்குப் போன் போட்டார்.

"கடைசியா இருந்த கயித்த ஒரு டச்சுக்காரன் வாங்கிட்டுப் போயிட்டான்யா" என்றார் ரெஜ். "எழுபது வருஷமா ஒழுகுற வண்டி. இப்ப என்ன திடீர்னு அவசரம்? பொண்ணு பாக்கப் போறியா?"

"பொண்ணப் பாக்கத்தான்யா போறேன். ஹாரோகேட்டுக்கு."

ரெஜ் சிரிக்கவில்லை. "கெடச்சா சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

குளிர்காலம் முழுக்க ஹெட்லி தேடி அலைந்தார். நெவார்க் மைதானத்தில் பழைய பாகங்களுக்கான சந்தை கூடும். சேற்றில் பூட்ஸ் புதைய, தார்ப்பாய்க்கு அடியில் துருப்பிடித்த பெட்டி பெட்டியாகக் கிளறினார். கார்புரேட்டர் கிடைத்தது, வேறு வண்டியுடையது. ஹெட்லைட் வளையம் கிடைத்தது, இவரிடம் ஏற்கெனவே நாலு இருந்தது. பிப்ரவரிச் சந்தையில் ஓர் அம்மாள் செத்துப்போன கணவரின் தகரப் பெட்டிகளை அப்படியே கொண்டுவந்து வைத்திருந்தாள். மூன்றாவது பெட்டியின் அடியில், மெழுகுத் தாளில் சுற்றிய கயிறு, டார்ன்லி முத்திரையோடு!

"அவர் இருந்தா இதத் தொடவே விட்டிருக்க மாட்டார்" என்றாள் அந்த அம்மாள். "இத மாட்டுறதுக்கு எஞ்சினையே எறக்கணுமாமே? ஒத்தாசைக்கு ஆள் இருக்கா?"

"இல்லாம என்ன, என் பொண்ணு இருக்கா" என்று கூசாமல் பொய் சொன்னார் ஹெட்லி. சொல்லிவிட்டு வீடு வரும்வரை சந்தோஷமாக இருந்தார்.

வேலை எல்லாம் தனியாகத்தான். எஞ்சினைச் செயின் பிளாக்கில் மாட்டி அங்குலம் அங்குலமாகத் தூக்கினார். அது ஆடாமல் பிடிக்க ஆளில்லை, ஆகவே கயிறு போட்டுத் தூணில் கட்டினார். கிளட்ச் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, வண்டிக்குள்ளே உட்கார்ந்து ஒருவர் மிதிக்க வேண்டும். துடைப்பக் கட்டையைப் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே முட்டுக்கொடுத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் வெளியே ஓடிவந்து நட்டைத் திறந்து மூடினார். "மிதி" என்று கட்டையைப் பார்த்து ஒருமுறை சொல்லியும்விட்டார். சொன்ன பிறகு அவருக்கே அழுகை வந்தது.

நடுநடுவே மகளுக்குப் போன் பண்ணி முன்னேற்றம் சொல்வார். கயிற்றை ஆயிலில் ஊறப்போட்டது, உருளைக்கட்டையால் தேய்த்துத் தேய்த்து அதன் பள்ளத்தில் உட்காரவைத்தது, நுனியைப் பிளேடால் நறுக்கியது. "ம்ம். சரிப்பா. அப்படியா" என்பாள். மேவிஸ் போனதிலிருந்து அவர் வாயில் வண்டியைத் தவிர வேறு பேச்சு வந்ததில்லை. போன கோடையிலும் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கியர்பாக்ஸைத்தான் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார், வாயாலேயே. மேவிஸைப் பற்றி ஃபிலிப்பா இரண்டு தடவை பேச்செடுத்தாள், இரண்டு தடவையும் அவர் கிளட்ச்சுக்குத் தாவிவிட்டார்.

ஏப்ரலில் வண்டி நிமிர்ந்தது. ஒரு வாரம் ஊரைச் சுற்றி ஓட்டி, வெள்ளைத் தாள் விரித்து நிறுத்திப் பார்த்தார். தாளில் ஒரு பொட்டு இல்லை. மகளுக்குப் போன் பண்ணினார். எடுக்கவில்லை. "பாப்பா, ஒழுக்கு நின்னுடுச்சு. ஞாயித்துக்கெழம வரேன்" என்று குரல் பதிந்து வைத்தார். பதில் வரவில்லை. வேண்டாம் என்றால் சொல்லியிருப்பாளே என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வாசல் கல்லின் மேல் வேறொரு கார் நின்றது. அதன் பக்கத்தில் டார்ன்லியை நிறுத்தினார். கதவைத் திறந்த ஃபிலிப்பாவின் முகத்தில் முதலில் வந்தது திகைப்பு.

"அப்பா! என்ன திடீர்னு?"

"மெசேஜ் விட்டேனேம்மா. கேக்கலையா? பரவால்ல, வா. குனிஞ்சு பாரு."

ஏப்ரனோடு அவள் குனிந்து பார்த்தாள். கல் காய்ந்து கிடந்தது. "ஒழுகவே இல்லப்பா" என்றாள் மெதுவாக.

"நான்தான் சொன்னேன்ல!" ஹெட்லிக்குப் பரிசு வாங்கிய பையன் மாதிரி பெருமை.

உள்ளே மாட்டிறைச்சி வெந்த வாசனை. மேஜையில் சம்பந்திகள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அட்ரியன் அடுப்பறையிலிருந்து, "வாங்க மாமா" என்று குரல் கொடுத்தான். சம்பந்தியம்மாள் டாஃப்னி கள்ளங்கபடமில்லாதவள்.

"அடடே, ஒருவழியா வந்துட்டீங்களா! மாசாமாசம் நாங்க இங்க கூடுறோம். ஒவ்வொரு தடவையும் உங்களக் கூப்பிட்டாச்சா, கூப்பிட்டாச்சான்னு கேப்பேன். அப்பாவுக்கு இஷ்டமில்ல, வரமாட்டேங்குறார்னு ஃபிலிப்பா சொல்லுவா. எங்க மேல ஏதும் கோவமோன்னுகூட நெனச்சேன்."

ஃபிலிப்பா குழம்பு ஜாடியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவள் கழுத்து சிவந்து காதுவரை ஏறியது.  இத்தனை மாதமாக ஹெட்லி அடைத்துக்கொண்டிருந்தது வேறு ஏதோ ஓர் ஒழுக்கை. அது புரிந்தபோது வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனால் எல்லோர் முன்னாலும் மகள் தலைகுனிந்து நிற்பது அதைவிடத் தாங்க முடியாததாக இருந்தது.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று சிரித்தார். "பாப்பா கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கா. நான்தான் வர்றதில்ல. என் வண்டி ஆயில் ஒழுகும். எங்க கொண்டுபோய் நிறுத்துறது?"

"இன்னுமா ஒழுகுது?" என்றார் சம்பந்தி.

"இன்னும்தான். அதெல்லாம் நிக்கிற ஒழுக்கா? எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். கெளம்புறேன், புதுக்கல்லு வேற பாழாயிடும்."

ஃபிலிப்பா வாசல்வரை வந்தாள். "சாப்டுட்டுப் போங்கப்பா" என்றாள். 

"இன்னொரு நாள் வரேன்மா."

வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தார். எந்த நாள் என்று அவள் சொல்வாள் என்று, கியரைப் போடாமல், கண்ணாடியை இறக்கிவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தார்.

"பாத்து ஓட்டுங்கப்பா" என்றாள் ஃபிலிப்பா.