சீஸுக்குச் சீம்பால்

மசக்கைன்னா மாங்கா கேப்பாளுங்க, சாம்பல் கேப்பாளுங்க. நானே என் மவனைச் சுமந்தப்போ அடுப்பு மண்ணைச் சுரண்டித் தின்னிருக்கேன். எனக்கு வாய்ச்ச மருமவ சௌந்தரநாயகி கேட்டது என்ன தெரியுமா? லோடட் ஃப்ரைஸாம். மேல சீஸும் கிரேவியும் ஊத்தி வேணுமாம். வலங்கைமான்லேருந்து மூணு மைல் உள்ள தள்ளிக் கெடக்கிற இந்த ஊர்ல அதுக்கு நான் எங்க போவேன்?

வேற நேரமா இருந்தா போடின்னுட்டுப் போயிருப்பேன். எட்டு நாளா சோத்தைக் கண்டாலே ஓக்காளிக்கிறா. காலையில அவ அண்ணன் அமிர்தலிங்கம் போன் பண்ணான். "நாலு மணிக்குக் காரோட வரேன். அதுக்குள்ள சாப்பிட்டு வயித்துல தங்குச்சுன்னா அங்கயே இருக்கட்டும். இல்லேன்னா தாராசுரத்துக்கு, எங்க வீட்டுக்கு அழைச்சிட்டுப் போயிடுவேன்"னான்.

போனா திருப்பி அனுப்ப மாட்டாங்க. எங்க மாமனார் காலத்துலேருந்து அவங்க நெலத்தைத்தான் நாங்க குத்தகைக்கு உழுறோம். நாங்க குத்தகையைப் பதிவு பண்ணின நாள்லேருந்து அவங்களுக்கும் எங்களுக்கும் கோர்ட்டு கேஸு. ஆட்சி மாறி மாறி வந்துச்சே ஒழிய கேஸு நகரல. அந்த வீட்டுப் பொண்ணைப் பாத்துத்தான் என் மவன் தியாகு கட்டிக்கிட்டு வந்து நிக்கிறான். ஊரு ஒலகத்துல வேற பொண்ணே கெடைக்கல பாருங்க அவனுக்கு! கல்யாணத்துக்கு ஒரு ஈ காக்கா வரல அங்கேருந்து. இப்ப பேரப்புள்ள வரப்போவுதுன்னதும் காரு வருது. என் பேரப்புள்ள எங்க வீட்டுலதான் இருக்கணும். அதுக்கு இவ சாப்பிடணும்.

வாயில துண்டை வச்சுக்கிட்டு அவ மொணமொணத்தது எனக்கு ரைஸுன்னு விழுந்துச்சு. கிரேவின்னும் சொன்னாளா, சரிதான், பஸ் ஸ்டாண்டு கடையில தட்டுவானே அந்த ஃப்ரைட் ரைஸ்னு முடிவு பண்ணிட்டேன். முட்டை போடுற கோழியை அடிச்சு, கவர்மெண்ட்டு கொடுத்த மிக்ஸியில மசாலா அரைச்சு, சோத்தை வறுத்துக் கொண்டுபோயி வச்சேன்.

"அத்தை, ரைஸ் இல்ல. ஃப்ரைஸ்."

"அதான்டி இது. ரைஸு."

"அய்யோ, உருளைக்கிழங்கு அத்தை!"ன்னுட்டு கொல்லைக்கு ஓடிட்டா. நெல்லு வெளையிற ஊர்ல பொறந்தவ காதுல ரைஸுன்னு விழாம வேற என்னா விழும்? அதுவும் என் தப்பா?

மறுபடி உக்கார வச்சு வெவரமாக் கேட்டேன். கிழங்கை விரலாட்டம் நறுக்கி வறுக்கணுமாம். கிரேவின்னா கறுஞ்சிவப்பா எலும்புச் சாறாம், மசாலா கூடாதாம், மொளவா கூடாதாம். மசாலா இல்லாம கிரேவியாம், கேட்டுக்குங்க. சீஸு வாங்கக் கடைக்குப் போனா, "சீயக்காயாக்கா?"ங்கறான் கடைக்காரன். தியாகு கும்பகோணத்துல வேலையில இருக்கான், ஆறு மணிக்கு முன்னாடி வரமாட்டான்.

"அந்தச் சீஸுதான் என்னாடி?"

"பால் கட்டியா ஒறைஞ்ச மாதிரி இருக்கும் அத்தை. மெல்லுனா பல்லுல கீச்கீச்சுங்கும்."

அட, சீம்பாலு! இதைச் சொல்றதுக்கா இவ்வளவு இங்கிலீசு? பக்கத்து வீட்டு மெஹராஜ் பேகத்தோட மாடு முந்தாநாளுதான் கன்னு போட்டிருக்கு. வயித்துப்புள்ளக்காரிக்குன்னதும் ஒரு சொம்பு ஊத்திக் கொடுத்துச்சு புண்ணியவதி. வெல்லம் போடாம உப்பு மட்டும் போட்டு ஆவியில வச்சேன். கெட்டியா, துண்டு போடுற பதத்துல வந்துச்சு.

கிழங்குதான் உயிரை வாங்கிடுச்சு. மொத ஈடு எண்ணெயைக் குடிச்சுட்டுத் தொவண்டு கெடந்துச்சு. அதைத் தூக்கி மாட்டுக்குப் போட்டேன். ரெண்டாவது ஈட்டை அரைவேக்காடு வேகவச்சு, துணியில ஒத்தியெடுத்து, ரெண்டு தடவை பொரிச்சதுக்கப்புறம்தான் மொறுமொறுன்னு நின்னுச்சு. வெங்காயத்தைக் கருக வதக்கி, அடிச்ச கோழியோட எலும்பை வேகவச்ச சாறை ஊத்தி, அரிசி மாவைக் கரைச்சு விட்டுக் கொதிக்க வச்சேன். மணி மூணரை. முதுகு ஒடிஞ்சுபோச்சு எனக்கு.

கிழங்கு மேல சீம்பால் துண்டையும் சாறையும் போட்டு அவ முன்னால வச்சேன். தட்டைப் பாத்தா, என்னைப் பாத்தா. ஒண்ணு எடுத்தா. அப்புறம் கை நிக்கல. தட்டை வழிச்சுத் தின்னுட்டா. அவ தொண்டையவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். கால் மணி நேரமாச்சு, ஓக்காளம் வரல.

"வரட்டும்டி ஒங்கண்ணன்! காரைத் திருப்பிக்கிட்டுப் போவட்டும்"னேன்.

அவ அழ ஆரம்பிச்சுட்டா.

"என்னாடி, கொமட்டுதா?"

"இல்ல அத்தை. உங்களால செய்ய முடியாதுன்னு நெனச்சுத்தான் கேட்டேன். சாப்பிடலேன்னா அண்ணன் அழைச்சிட்டுப் போயிடும்ல. அம்மாவைப் பாத்து ரெண்டு வருஷமாச்சு."

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! "அம்மாவைப் பாக்கணும்னு ஒரு வார்த்தை சொல்ல நாக்கு வராதா ஒனக்கு? அதுக்கு ரெண்டு கிலோ கிழங்கு உரிக்க வைப்பியா? என் கோழி போச்சேடி பாவி!"

"கேட்டா அனுப்பியிருப்பீங்களா?"

அனுப்பியிருக்க மாட்டேன். சத்தியமா அனுப்பியிருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வெக்கமாப்போச்சு.

வாசல்ல ஹாரன் அடிச்சான். நான் புடவையை மாத்திக்கிட்டு அவ கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தேன். அமிர்தலிங்கம் காரை விட்டு எறங்கல.

"சாப்பிட்டுச்சா?"

"தட்டை வழிச்சு சாப்பிட்டா."

"அப்ப நான் கெளம்புறேன்."

"இருப்பா. அவ அம்மாவைப் பாக்கணுங்கறா. கூட நானும் வரேன், இருட்டுறதுக்குள்ள நானே கூட்டிக்கிட்டு வந்துடுவேன்."

"நீங்களா? எங்க வீட்டுக்கா?"

அவன் கேட்டதுல தப்பில்ல. எங்க மாமனாரு வருஷா வருஷம் அந்த வீட்டுக்கு நெல்லு அளந்துட்டு, கொல்லை வாசலோட திரும்பினவரு. கேஸுக்கப்புறம் எங்க ஆளுங்க அந்தத் தெருவையே மிதிக்கல. ஆனாலும் கதவைத் தொறந்து அவளை ஏத்திட்டு, நானும் பக்கத்துல ஏறி உக்காந்துட்டேன்.

"வண்டியை எடு. வயித்துப்புள்ளக்காரி, மேடு பள்ளம் பாத்து ஓட்டு. கொல்லைப்பக்கம் கொண்டுபோயி நிறுத்திடாத, வாசல்ல நிறுத்து."