விமானத்திலிருந்து இறக்கிய சுமை

ராணுவச் சரக்கு விமானத்தில் எது ஏறலாம், எது ஏறக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் எங்கள் தளத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு. அவளை நாங்கள் ‘தராசு’ என்போம். கண்ணால் பார்த்தே எடை சொல்லிவிடுவாள். கோபம் மூக்குக்கு மேல் வரும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற நான் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்குக் கணக்கே கிடையாது.

அன்று காலை மட்டும் அவளுக்கு வாயெல்லாம் பல். அவள் தம்பி சிப்பாய். கடல் தாண்டிச் சண்டைக்குப் போகிற படையில் அவனும் இருந்தான், ஆனால் இடம் மிஞ்சினால்தான் அவனை ஏற்றுவார்கள். இடம் மிஞ்சவில்லை. இதுதான் கடைசி விமானம். கடலுக்கு அந்தப் பக்கம் இறங்குகிற ஓடுபாதையை மாலையோடு மூடுகிறார்கள். விடுபட்டவர்களுக்கு இங்கேயே கிடங்கில் வேலை.

“அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிட்டேண்ணே, அவன் போகலன்னு. சந்தோஷத்துல அழுதுட்டாங்க” என்றாள். தம்பியோ காத்திருப்புக் கொட்டகையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் போகிறார்களே என்ற ஆத்திரம்.

கடைசிச் சுமையைக் கொண்டுவந்தேன். ஆள் உயரம், கறுப்பு பிளாஸ்டிக் சுற்றி வலை போட்டுக் கட்டியிருந்தது. மேலே ‘பொதுப் பொருட்கள்’ என்று ஒட்டியிருந்தார்கள். அதற்கு இடம் விடுவதற்காகப் பக்கவாட்டு இருக்கைகளில் சிலவற்றை மடக்கி வைத்திருந்தோம். உருளைகளில் தள்ளி உள்ளே பூட்டியதும் தராசு வந்து கையால் அழுத்திப் பார்த்தாள்.

“இவ்ளோ பெருசுக்கு இது கனமே இல்லியே. உள்ள என்னண்ணே, பஞ்சா?”

சந்தேகம் வந்துவிட்டால் விடமாட்டாள். கத்தியை எடுத்து, வலைக்கு இடையில் பிளாஸ்டிக்கைக் கிழித்தாள்.

அலுமினியப் பெட்டிகள். ஒன்றின்மேல் ஒன்று. ஒவ்வொன்றும் ஓர் ஆள் படுக்கிற நீளம். தூக்குவதற்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. எல்லாம் காலி.

இந்தப் பெட்டிகளை நான் இறக்கியிருக்கிறேன், திரும்பி வருகிற விமானங்களிலிருந்து, கொடி போர்த்தி. அவற்றையும் இங்கிருந்துதானே அனுப்பியிருக்க வேண்டும்? என் கையாலேயே எத்தனை முறை ஏற்றினேனோ! இத்தனை வருஷத்தில் இது ஒருநாளும் என் மண்டையில் உறைக்கவில்லை.

“போறவங்க கூடவே அனுப்புறாங்களா?” என்று என் பக்கம் திரும்பினாள். “இத்தனை வேணும்னு எவன்ணே உக்காந்து கணக்குப் போட்டான்?”

தண்ணீர், எரிபொருள், கட்டுத்துணி எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுகிறவன் இதற்கும் போட்டிருப்பான். வெளியே சிப்பாய்கள் வரிசையாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். இந்தப் பெட்டிகளுக்கு எதிரேதான் வழி நெடுக உட்கார வேண்டும்.

“இறக்குங்க!” என்று கத்தினாள்.

விமானி இறங்கி வந்தார். “என்னம்மா ஆச்சு?”

“கட்டு சரியில்ல சார். வலை அறுந்திருக்கு. நான் ஏத்த விடமாட்டேன்.”

பச்சைப் பொய். வலை நன்றாகத்தான் இருந்தது. எனக்கும் அது தொலைந்தால் போதும் என்றிருந்தது. தராசு வேண்டாம் என்ற சுமை அந்த விமானத்தில் ஏறாது, தளபதியே வந்து நின்றாலும் ஏறாது. கிடங்குக்குப் பின்னால் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பினேன்.

திரும்பி வந்தபோது மடக்கியிருந்த இருக்கைகளை விரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. காலி இடத்தோடு விமானம் கிளம்பாது. புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அவள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். கோபத்தில் அவளும் மறந்தாள், நானும் மறந்தேன்.

கொட்டகையிலிருந்து முதல் ஆளாக ஓடிவந்தான் தம்பி.

“அக்கா! நீதான் எடம் பண்ணிக் குடுத்தியா? சொல்லவே இல்ல பாத்தியா!” அவளை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டு உள்ளே ஏறிவிட்டான்.

அவள் விமானியிடம் திரும்பினாள். “சார், எடை தாங்காது” என்றாள்.

“நீங்க இறக்கின எடைகூட இவங்க வரமாட்டாங்களேம்மா” என்றார் விமானி.

ஓடிவந்து என் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணே, அந்தப் பெட்டிங்களைக் கொண்டு வாங்கண்ணே. கட்டு நல்லாத்தான் இருக்கு சார், நான் பொய் சொன்னேன். திரும்ப ஏத்துங்க! இவங்களை இறக்குங்க!”

அவள் இப்படிக் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

விமானி தலையை ஆட்டினார். “நீங்களே வேணாம்னு சொன்ன சுமையை, தம்பி ஏறினதும் நல்லாருக்குன்னா நான் எப்படிம்மா நம்பி ஏத்துவேன்?”

உள்ளேயிருந்து தம்பி எட்டிப் பார்த்தான். “எந்தப் பெட்டிக்கா? எங்களுக்கு வேண்டியதுன்னா ஏத்திடச் சொல்லு. நாங்க நெருக்கி உக்காந்துக்கறோம்.”

“ஒண்ணுமில்லடா” என்று ஏறிப்போய் அவன் பெல்ட்டை மாட்டப் பார்த்தாள். எத்தனை தடவை அழுத்தியும் கொக்கி விழவே இல்லை. கடைசியில் நான்தான் ஏறிப்போய் மாட்டிவிட்டேன்.