எந்த ஜனாதிபதிக்கு?

மனுவில் இருந்த பெயரை, தெருவோரம் மனு அடித்துக் கொடுக்கும் எழுத்தர் செகுந்தோ சவர பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார். டெல்ஃபினா குனிந்து பார்த்தாள். நேற்றும் சுரண்டிய அதே இடம். தாள் அங்கே வெங்காயத் தோலாக மெலிந்திருந்தது.

"இனி ஓட்டை விழுந்துடும்மா. புதுசாவே அடிச்சுத் தர்றேன். யார் பேரைப் போட?"

"இப்ப யாரு ஜனாதிபதி?"

அவர் பக்கத்து ரேடியோவுக்குக் காதைக் கொடுத்தார். "காலையில துணை ஜனாதிபதின்னான். இப்ப நாடாளுமன்றத் தலைவர்ங்கறான். பழையவரோ நான்தான்னு அரண்மனையிலேயே உக்காந்திருக்காராம்."

அவள் கணவன் ரொசெந்தோ பஸ் ஓட்டியவன். மலைவளைவில் பிரேக் பிடிக்காமல் பஸ் உருண்டு நாலு பேர் செத்தார்கள். பஸ் முதலாளி நழுவிவிட்டார்; இவனுக்கு எட்டு வருஷம் சிறை. ஆறு முடிந்தபோது ஈரலில் புற்றுநோய். வீட்டில் சாக விட வேண்டும் என்றால் ஜனாதிபதி மன்னித்துக் கையெழுத்துப் போட வேண்டும். வியாழக்கிழமை ஆகிவிடும் என்று அரண்மனையில் சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை நாடாளுமன்றம் கூடி ஜனாதிபதியையே நீக்கிவிட்டது.

"பேரே வேணாம். 'குடியரசின் ஜனாதிபதிக்கு'ன்னு மட்டும் அடிங்க" என்றாள்.

தலைநகர் கீட்டோவில், அரண்மனைக்கு முன்னால் உள்ள பெரிய சதுக்கத்தில் சிப்பாய்கள் கம்பித் தடுப்பு போட்டிருந்தார்கள். கெஞ்சிக் கெஞ்சி மனு வாங்கும் ஜன்னல்வரை போய்விட்டாள். குமாஸ்தா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எந்த ஜனாதிபதிக்கு?"

"கையெழுத்துப் போடுறவருக்கு."

"பேரில்லாம முத்திரை வைக்க முடியாதும்மா. பேரோட வச்சா நாளைக்கு என் வேலை போயிடும். திங்கக்கிழமை வாங்க."

"திங்கக்கிழமை வரைக்கும் அவர் இருக்க மாட்டாருங்க."

"யாரு, ஜனாதிபதியா?"

"என் வீட்டுக்காரர்."

குமாஸ்தா தாளை அவள் பக்கம் தள்ளிவிட்டு, சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்தினான்.

சிறை வைத்தியசாலையில் ரொசெந்தோ மஞ்சள் பூத்துக் கிடந்தான். கை கால் குச்சியாகி வயிறு மட்டும் மேடிட்டிருந்தது. அவள் கொண்டுவந்த உருளைக்கிழங்கு சூப் உதட்டோரம் வழிந்தது. துடைத்துவிட்டாள்.

"போட்டாச்சா?" என்றான்.

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "போட்டாச்சுங்க."

"யாரு? பழையவரா, புதுசா வந்தவரா?"

"ரெண்டு பேருமே."

அவன் வாய் கோணிற்று. சிரிக்கிறான் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. "ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட ஒரே விஷயம் நான்தானா?"

"ஆமா. பேசாம இருங்க, மூச்சு வாங்குது."

அவன் பேச்சை நிறுத்தவில்லை. சமையலறைக் கதவு இன்னும் தரையில உரசுதா? வந்ததும் இழைச்சுத் தர்றேன். கோழிக்கூட்டை வெயில் பக்கம் மாத்தணும். அப்புறம் செத்துப்போன நாலு பேர் வீட்டுக்கும் போகணும், ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நிக்கணும். நீயும் வருவியா?

எல்லாவற்றுக்கும் அவள் சரி என்றாள். "மொதல்ல அந்தப் பள்ளிக்கூட டீச்சரம்மா வீட்டுக்கு" என்று தொடங்கியவன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. தூங்குகிறான் என்று நினைத்தாள். நாலு மணிக்குத் தாதி வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சிலுவைக் குறி இட்டுக்கொண்டாள்.

சிறை அதிகாரி ஒரு தாளை நீட்டினார். டெல்ஃபினா அதை வாங்கவில்லை.

"இது எங்கே போகணுங்க? எத்தனை நாளாகும்?"

"எங்கேயும் போக வேணாம்மா. உடம்பைக் குடுக்குறதுக்கு ஜனாதிபதி வேண்டாம். உங்க கையெழுத்து போதும்."

போட்டாள். பேனா நன்றாக எழுதிற்று.

அவள் தம்பி லாரி கொண்டுவந்தான். சவப்பெட்டியோடு பின்னால் ஏறிக்கொண்டாள். மூன்றாவது தெருமுனையில் வண்டி நின்றுவிட்டது. புது ஜனாதிபதியின் கார்கள் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. நடைபாதை கொள்ளாத ஜனம் சட்டியையும் பானையையும் தட்டி ஆர்ப்பரித்தது. யாரோ லாரிக்குள்ளும் காகிதக் கொடி ஒன்றை எறிந்தார்கள்.

தம்பி என்ஜினை அணைத்தான்.

ஓரத்தில் நின்ற ஒரு பெண், பானை மூடியில் கரண்டியை ஓங்கியபடி திரும்பியவள், பெட்டியைப் பார்த்தாள். ஓங்கிய கை இறங்கிற்று. சத்தம் எழாதபடி மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு, கார்கள் போய் முடியும்வரை அப்படியே நின்றாள்.