கெளுத்தியின் வயிறு

என் அம்மா எல்சிக்குக் காசிமேட்டில் மீன் வியாபாரம். ஆனால் என்னை ஒரு மத்தியைக்கூடத் தொட விட்டதில்லை. கூடைப் பக்கம் போனாலே, "கைய எடு, நாத்தம் ஒட்டிக்கும்" என்பாள். ராயபுரத்தில் பிறந்துவிட்டு மீனைத் தொடாமல் வளர்ந்த ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன்.

நான் டீச்சராக வேண்டும் என்பதில் வீட்டில் சண்டையே இல்லை. எதைப் படித்து டீச்சராவது என்பதில்தான் சண்டை. தொண்ணூற்றொன்பதில் ப்ளஸ் டூ முடித்ததும், ஒரே கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம், பி.எஸ்ஸி. விலங்கியல் இரண்டிலும் இடம் கிடைத்தது. எனக்கு விலங்கியல் மேல்தான் ஆசை. செவ்வாய்க்கிழமைக்குள் ஒன்றில் சேர்ந்தாக வேண்டும். எதில் சேர்ந்தாலும் பிறகு பி.எட்.தான்.

அம்மா எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். "இங்கிலீஷ் டீச்சர் கையில சாக்பீஸ் மட்டும்தான். உன் விலங்கியல்ல தவள, பாச்ச, மீனு எல்லாத்தையும் அறுக்கணுமாமே? அத்த பண்றதுக்கு என்கூட மார்க்கெட்டுக்கே வந்துடேன்."

நான் வாயில்லாதவள் இல்லை, தெருவைக் கேட்டால் தெரியும். ஆனால் தினமும் சாயங்காலம் அவள் புளி போட்டுக் கையைத் தேய் தேய் என்று தேய்ப்பதைப் பார்த்தவளுக்கு இதற்கு மேல் எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. சரி, ஆங்கிலமே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

யோனா வந்து எல்லாவற்றையும் கலைத்தார்.

ஞாயிறுதோறும் மாதா கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்குப் பைபிள் சொல்லித்தரும் ஞானோபதேச வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு, கடவுள் பேச்சைக் கேட்காத யோனாவைப் பெரிய மீன் விழுங்கி, மூன்றாம் நாள் உயிரோடு கரையில் கக்கியது என்று சொல்லி முடித்தேன். ஜெசிந்தா எழுந்தாள். அவள் அப்பா விசைப்படகில் போகிறவர்.

"முழுங்குனது ஏன் மிஸ் செரிக்கல? நைனா புடிக்கிற மீனு வவுத்துல கீற சின்ன மீனெல்லாம் பாதி கரைஞ்சி கீது."

"கடவுள் பாத்துக்கினாரு, உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள். ஆனால் நம்பவில்லை. எனக்கே அந்தப் பதில் பிடிக்கவில்லை. வாரம் முழுக்க அரித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான், வாயில் இருப்பதை விழுங்காத மீனும் உண்டு என்று பள்ளியில் விலங்கியல் மிஸ் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது.

அடுத்த ஞாயிறு காலை அம்மா மீன் ஏலத்திலிருந்து வந்து, கூடையை இறக்கிவிட்டுக் குளிக்கப் போனாள். கூடையில், குத்தும் முள்ளை ஒடித்த கெளுத்தி மீன்கள் கிடந்தன. வாய் உப்பியிருந்த ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன்.

வகுப்பில் அதன் வாயைப் பிளந்து காட்டினேன். உள்ளே கோலிக்குண்டு மாதிரி முட்டைகள்.

"ஐய, முட்டைய துன்னுது" என்றார்கள் எல்லோரும்.

"துன்னல. இது அப்பா மீனு. வாயில வச்சி அடைகாக்குது. குஞ்சு வர்ற வரைக்கும் ஒண்ணும் துன்னாது, வாய்க்குள்ள கீற ஒண்ணையும் முழுங்காது."

"அப்ப வவுத்த அறுத்துக் காட்டுங்க மிஸ்" என்றாள் ஜெசிந்தா.

நானும் காதால் கேட்டதுதான், கண்ணால் பார்த்ததில்லை. வயிறு நிறைய இறால் இருந்தால் இந்தப் பிள்ளைகளிடம் என் கதி அவ்வளவுதான். கோயில் சமையற்கட்டுக் கத்தியை வாங்கி வந்து அறுத்தேன்.

காலி. பணம் தீர்ந்த சுருக்குப்பை மாதிரி சுருங்கிக் கிடந்தது. பிள்ளைகள் மூச்சுவிடாமல் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

வகுப்புகளுக்குப் பொறுப்பான வில்சன் சார், மூக்கில் கைக்குட்டையோடு வாசலில் வந்து நின்றார். "ஷைனி, இதுல யோனா எங்கம்மா?"

"வந்துகினே கீறாரு சார்" என்றாள் ஜெசிந்தா. அவரே சிரித்துவிட்டார்.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்விட்டது.

"ஊர்ப் புள்ளைங்களுக்கு மீன் அறுத்துக் காட்டவா உன்ன மீனே தொடாம வளத்தேன்?"

"அம்மா, அந்த வவுத்த அறுத்துக் காட்டுனப்போ எனக்கு வந்த சந்தோஷம் இதுவரைக்கும் எதுலயும் வந்ததில்ல. இங்கிலீஷ் எடுத்தா நல்லாத்தான் படிப்பேன். ஆனா இது வராது."

அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மறுநாள் காலையிலும் அந்தப் பேச்சை எடுக்காமலேயே வியாபாரத்துக்குப் போய்விட்டாள். ஆங்கிலத்துக்குத்தான் போகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு, நாளைக்கு வேண்டிய சான்றிதழ்களை எடுத்து வைத்தேன். அழுகையாக வந்தது.

சாயங்காலம் வந்தவள் கை கழுவப் போகவில்லை. கூடையிலிருந்து ஈரத்துணி சுற்றிய, முள் ஒடிக்காத ஒரு கெளுத்தியை எடுத்து என் முன்னால் வைத்தாள். அதன் வாயை நூலால் கட்டியிருந்தாள்.

"முட்ட சிந்திடக் கூடாதுனு கட்டிக்கினு வந்தேன்" என்றாள். "இத்தினி வருசமா, பெத்தத துன்ற சனியனேன்னு திட்டிக்கினேதான் வித்துகினு கீறேன். மெய்யாலுமே வவுறு காலியா?"

"காலிம்மா."

அரிவாள்மனையை என் பக்கம் நகர்த்தினாள். கெளுத்தியை எடுத்து நூலை அவிழ்த்தேன். அம்மா எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அறுத்துக் காட்டு, நானும் பாக்கறேன். முள்ளு பத்திரம், டீச்சர்."