ஆதப்பனின் கதிரை

கொட்டாஞ்சேனையில் கிணற்றடி லேன் எங்கே என்று கேட்டால் இப்போது ஓட்டோக்காரர் கூடத் தலையைச் சொறிவார்கள். ஒரு ஓட்டோ உள்ளே வந்தால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம். வீடுகளும் அதற்கேற்ற மாதிரித்தான். முன்னறையில் ஒரு கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். உயிரோடு இருக்கிறவர்கள் எப்படியோ மடங்கிச் சுருண்டு காலத்தை ஓட்டிவிடலாம். செத்தவரை மடக்க முடியுமா? சவப்பெட்டியைத் திருப்ப இடமில்லாத வீடுகள் அவை. அதனால்தான் சுதந்திரம் கிடைத்த மறு வருஷமே லேன்காரர் ஒன்றுசேர்ந்து கிணற்றடி ஐக்கிய சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி, லேன் முடிகிற இடத்தில் பொது மண்டபமாக ஒரு ஹோலையும் கட்டினார்கள். சைவக்காரரோ, மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரரோ, லேனில் யார் கண்ணை மூடினாலும் கடைசியாகக் கிடத்துவது அந்த ஹோலில்தான்.

சங்கத்துக்கு இரண்டே இரண்டு பதவிகள். தலைவர் சைவமென்றால் செயலாளர் வேதம். அடுத்த முறை மாறும். உபதலைவர் என்று ஒருவரை வைக்கவேயில்லை. வைத்தால் அவர் எந்தப் பக்கம் என்று அதற்கொரு சண்டை வருமாம். பெரிய புத்திசாலிகள்தான். அதே புத்தியோடு இன்னொரு வழக்கத்தையும் உண்டாக்கிவிட்டுப் போனார்கள். பதவியில் இருக்கும்போது ஒருவர் செத்துப்போனால், ஒரு வருஷத்துக்கு அவருடைய கதிரையில் வேறு ஆள் உட்காரக்கூடாது. அந்த வருஷம் முழுக்கப் பதவியும் அவருடையதுதான். கூட்டம் தொடங்கும்போது செயலாளர் பெயர் கூப்பிடுவார். செத்தவரின் பெயரும் வரும். அப்போது வந்திருக்கிற எல்லோரும் ஒரே குரலில் "இருக்கிறார்" என்று சொல்ல வேண்டும். புதிதாக லேனுக்கு வந்தவர்கள் முதல் தடவை இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இரண்டாம் தடவை அவர்களும் சொல்லுவார்கள்.

பேர்ணடெற் செயலாளராக வந்ததே அப்படித்தான். அவளுடைய புருஷன், பெயர் பற்றிக், செயலாளராக இருந்தபோது மாரடைப்பில் போனான். கதிரையை உடனே நிரப்ப வேண்டும் என்று இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். அப்போது தலைவராக இருந்த ஆதப்பன், செட்டியார்த் தெருவில் நகைக்கடை வைத்திருந்தவர், அதிகம் பேசாதவர், எழுந்து நின்று சொன்னார்: "பற்றிக் இருக்கிறார். வருஷம் முடியட்டும்." அந்த ஒரு சொல்லில்தான் பேர்ணடெற் அந்த வருஷத்தைத் தாண்டினாள். மாதம் ஒருமுறையாவது தன் புருஷன் இருக்கிறான் என்று பத்துப் பேர் சத்தமாகச் சொல்வதைக் கேட்க அவளுக்குக் கிடைத்தது. வருஷம் முடிந்ததும் அந்தக் கதிரையில் அவளையே இருத்தினார்கள். கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்து பென்ஷன் எடுத்தவள். சம்பளமில்லாத இந்த உத்தியோகத்துக்கு அதைவிட மாடாய் உழைத்தாள்.

அவளுடைய அக்கா றோஸி பாரிசவாதம் வந்து முன்னறைக் கட்டிலில் கிடந்தாள். கல்யாணம் கட்டாதவள். உலகத்தில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. "என்னைப் பொரளைப் பக்கம் பிரேதம் வைக்கிற பாலருக்குக் கொண்டு போகாதையடி. நம்மட ஹோலில வை." அம்மாவை அங்கேதான் வைத்தார்கள், பற்றிக்கையும் அங்கேதான். பேர்ணடெற் அக்காவின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்துகொடுத்திருந்தாள்.

யுத்தம் முடிந்து கொழும்பை அழகுபடுத்துகிறோம் என்று ஆளாளுக்குப் புறப்பட்ட காலம் அது. மாசி மாதத்தில் ஆதப்பன் நித்திரையிலேயே போய்விட்டார். வைகாசியில் ஹோல் கதவில் ஒரு அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போனார்கள். லேனுக்குப் பின்னால் எழும்பப் போகிற மாடிக் கட்டடத்துக்குப் பாதை வேண்டுமாம். பாதைக்கு ஹோல் இருக்கிற துண்டு நிலம் வேண்டுமாம். ஆட்சேபனை இருந்தால் சங்கத்தின் தலைவரும் செயலாளரும் நேரில் வந்து விசாரணையில் சொல்லலாம், அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கப்பட மாட்டாது என்று மூன்று பாஷையிலும் போட்டிருந்தது.

பேர்ணடெற்றுக்கு உடனே விளங்கிவிட்டது. தலைவர் வேண்டும், உயிரோடு இருக்கிற தலைவர். இது சைவக்காரரின் முறை. லேனில் நாலு சட்டம் தெரிந்த சைவக்காரர் என்றால் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்த சுந்தரலிங்கம் ஒருவர்தான். அவருடைய வீட்டுக்குப் போனாள்.

"அண்ணன், நீங்க தலைவரா இருக்க வேணும். விசாரணை முடியுமட்டும் போதும்."

சுந்தரலிங்கம் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நின்றார். "ஆதப்பன் செத்து இன்னும் திவசமே வரேல்ல தங்கச்சி. அதுக்குள்ள அவற்ற கதிரையில போய்க் குந்தினா லேன் என்ன கதைக்கும்?"

"ஹோல் போனா கதைக்கிறதுக்கு லேன் இருக்குமா?"

"மீனாளக்கா ஒரு சொல்லு சொல்லட்டும். நான் இருக்கிறன்."

பழியைத் தூக்கி ஒரு பொம்பிளையின் தலையில் வைத்துவிட்டு மனுஷன் கதவைச் சாத்திக்கொண்டார். பேர்ணடெற் மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தபடி ஆதப்பனின் பெண்சாதி மீனாளிடம் போனாள்.

மீனாள் வெள்ளைச் சேலையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பேர்ணடெற் சொல்வதையெல்லாம் கடைசிவரை கேட்டாள். பிறகு மெதுவாகத்தான் பேசினாள்.

"பற்றிக் போனப்ப அவுக என்ன சொன்னாக, நினைவிருக்கா?"

"இருக்கு அக்கா."

"ஒரு வருஷம் முழுசும் ஒனக்குக் குடுத்தாகளா இல்லையா?"

"குடுத்தார்."

"எனக்கு மாசத்துல அந்த ஒரு நாள்தான் பேர்ணடெற். அந்த நாள்ல மட்டும்தான் அவுக இருக்காக. மத்த நாளெல்லாம் இல்ல." சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். "அதையும் எடுத்துட்டுப் போறியா?"

இதே மாதிரித் தன் வீட்டுச் சுவரோரத்தில் பேர்ணடெற்றும் உட்கார்ந்திருந்தவள்தானே. எந்த முகத்தோடு மறுப்பாள்? "இல்லை அக்கா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். லேனின் நடுவில் நின்றபோது, தான் செய்தது மடத்தனம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் திரும்பிப் போகவில்லை. ஆட்சேபனையை டைப் செய்தபோது தலைவர் என்ற இடத்தில் ஆதப்பன் என்றே அடித்தாள். வழக்கப்படி அது பொய்யில்லை. மாதா பார்த்துக்கொள்ளுவாள் என்று ஒரு மெழுகுதிரியையும் கொளுத்திவைத்தாள்.

விசாரணைக்கு லேனே திரண்டு போனது. திரண்டது என்றால் என்ன, ஹெந்தளைக்கும் இரத்மலானைக்கும் வீடு மாறிப்போனவர்கள் போக மிஞ்சியிருந்த கிழடுகள்தான். நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு விசாரணைக் கந்தோரில் பின்னாலிருந்த நீள வாங்கில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மீனாளும் வந்திருந்தாள். முன்னால் மாடி கட்டுகிற கம்பெனியின் லோயர் கால்மேல் கால் போட்டபடி இருந்தார். விசாரிக்கிற அதிகாரி நடுவயதுச் சிங்கள மனுஷன். வயதானவர்களைக் கண்டு மின்விசிறியைப் பின்பக்கம் திருப்பிவிடச் சொன்னார். அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

செயலாளரின் பெயரைக் கூப்பிட்டார். பேர்ணடெற் எழுந்து நின்றாள். அடுத்து அதிகாரி தடுமாறித் தடுமாறி வாசித்தார்.

"ஆதப்பன் மஹத்தயா?"

"இருக்கிறார்."

பின்வாங்கு முழுவதும் ஒரே குரலில் சொன்னது. யாரும் யோசித்துச் சொல்லவில்லை. அத்தனை வருஷப் பழக்கம், பெயரைக் கேட்டதும் வாய் தானாகத் திறந்துவிட்டது. பேர்ணடெற்றும்தான் சொன்னாள். சொன்ன பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று விளங்கியது.

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாங்கைப் பார்த்தார். சுந்தரலிங்கத்தைப் பார்த்தார். சுந்தரலிங்கம் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"சபாபதிதுமா கோ?" தலைவர் எங்கே என்று கேட்டார்.

லோயர் மெல்ல எழுந்தார். இவர்கள் சொல்கிற தலைவர் மாசி மாதமே இறந்துவிட்டார், மரணப் பதிவு கையில் இருக்கிறது, செத்த மனுஷரை முன்னால் வைத்து அரசாங்கத்தை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று சிங்களத்தில் கடகடவென்று சொன்னார். அதிகாரி மொழிபெயர்ப்பாளர் மூலமாகப் பேர்ணடெற்றிடம் கேட்டார். அப்படியென்றால் இப்போது தலைவர் யார்?

"ஆதப்பன்" என்றாள்.

"அவர் செத்துட்டாரே."

"ஓம், செத்துட்டார். ஒரு வருஷத்துக்கு அவர்தான். எங்கட வழக்கம் அது. ஏமாத்தேல்ல, சேர்."

லோயர் கையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பு கண்ணில் தெரிந்தது. அதிகாரி சிரிக்கவில்லை. "அனே, மிஸ்" என்றார் வருத்தத்தோடு. இதை நான் எப்படி எழுதுவேன் என்று கேட்டார். தலைவரில்லாத சங்கம் சங்கமில்லை, புதிய ஆளைத் தெரிவுசெய்து திரும்பி வரவும் இனித் தவணை இல்லை. அவ்வளவுதான். அடுத்த ஆட்களைக் கூப்பிட்டார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சுந்தரலிங்கம் பக்கத்தில் வந்து, "நான் இருந்திருக்கலாம் தங்கச்சி" என்றார். அவருடைய கன்னத்தில் ஒன்று கொடுத்தால் என்ன என்று பேர்ணடெற்றுக்குத் தோன்றியது. வயதான மனுஷன் என்று விட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மீனாள் அவளுடைய கையைப் பிடித்தாள்.

"என்னாலதானே?"

"ஓம் அக்கா, உங்களாலதான்" என்றாள் பேர்ணடெற். "என்னாலயும்தான்."

மீனாள் கையை விடவில்லை. இருவரும் அப்படியே லேன் வரைக்கும் நடந்து வந்தார்கள்.

ஆவணி மாதத்தில் இடிக்கிற இயந்திரத்தைக் கொண்டு வந்தார்கள். அதற்கு முதல்நாள் ஹோலிலிருந்த சாமான்களை ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்கள். கூடாரக் கம்பிகளைக் கிருலப்பனையில் ஒரு சங்கம் வாங்கிக்கொண்டது. ஆதப்பனின் கதிரையை மட்டும் யாரும் தொடவில்லை. மீனாளின் மகன் அவளை வெள்ளவத்தைக்குக் கூட்டிப்போக வந்திருந்தான். பிளாட்டில் இடமில்லை என்றான். கடைசியில் பேர்ணடெற்தான் அதைச் சுமந்து வந்து முன்னறையில் றோஸியின் கட்டிலோரம் வைத்தாள். பாதி திறந்த கதவு இப்போது கால்வாசிதான் திறந்தது. வருஷம் முடியவில்லை, அதனால் அவள் அதில் உட்காரவில்லை. அந்தச் சின்ன அறையில் நின்றுகொண்டேதான் அக்காவுக்குக் கஞ்சி பருக்கினாள்.

மறுநாள் இரண்டாவது கரண்டி கொடுக்கும்போது ஹோலின் முதல் சுவர் விழுந்தது. கட்டில் அதிர்ந்தது. கூரையிலிருந்து மண் உதிர்ந்தது.

"என்னடி சத்தம்?" றோஸியின் வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. சொல் குழறித்தான் வந்தது.

"பின்னால மாடி கட்டுறாங்கள் அக்கா."

இன்னொரு சுவர் விழுந்தது. றோஸி தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்மட ஹோல்?"

பேர்ணடெற் கரண்டியால் கஞ்சியைக் கிளறினாள். ஆறிப்போன கஞ்சியை மறுபடியும் ஆற்றினாள்.

"இருக்கு" என்றாள்.

றோஸியின் கண்கள் கட்டிலோரமிருந்த கதிரைக்குப் போயின. அது எங்கே இருந்த கதிரை, யாருடையது என்று லேனில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா?

"அப்ப சரி" என்றாள் பிறகு. "ஜன்னலைச் சாத்து. தூசி வருது."

பேர்ணடெற் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஜன்னலைச் சாத்தினாள்.