முத்தாயியின் ஆத்தா மரம்

1

லாரிச் சத்தம் கேட்டதும் லயத்துக் கோழிகள் முதலில் ஓடின. கோழிகளைப் பிடிக்க ஆட்கள் ஓடினார்கள்.

இப்படித்தான் இந்தக் கதை என் தாளில் வந்து இறங்கியது. நான் எழுத உட்கார்ந்தது கதையே அல்ல. ‘வீட்டுத் தோட்டத்தில் ஹாத்தார்ன் வளர்ப்பது எப்படி?’ என்று வாரப் பத்திரிகைக்கு ஒரு பக்கக் கட்டுரை. முள் மரம், வெள்ளைப் பூ, சிவப்புக் காய், குளிர்நாட்டுக்காரன் வேலி. இரண்டு வரி எழுதிவிட்டு அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஹாத்தார்ன். இன்னொரு தடவை, கொஞ்சம் வேகமாக. ஹாத்தான். ஆத்தா.

கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது. லாரி வந்துவிட்டது.

2

வருஷம் 1943. மலாயாவில் லுக்குட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். (பெயர் வேண்டாம். தேடிக்கொண்டு போய்விடுவீர்கள்.)

சண்டைக்கு முன்பு பங்களாத் துரைசானி கப்பலில் வரவழைத்த ஹாத்தார்ன் கன்றுகள் பன்னிரண்டு. பதினொன்று வெயிலில் கருகின. மிஞ்சிய ஒன்றுக்குக் குளிர்காலம் வந்துவிட்டதாகப் போக்குக் காட்ட, துரைசானி தினமும் அதன் தூரில் ஐஸ் கட்டி வைப்பாள். பங்களாவில் செடிகளைப் பார்த்துக்கொண்ட முத்தாயிக்கு அந்த ஐஸைக் கண்டால் நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் எடுக்கமாட்டாள். பதினொரு கன்றையும் தன் கையால் பிடுங்கிப் போட்டவள் அவள். பன்னிரண்டாவதைச் சாகவிட அவளுக்கு மனமில்லை.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரையும் துரைசானியும் காரேறிப் போனார்கள். முத்தாயி அன்றைக்கே செடியை வேர்மண்ணோடு பெயர்த்து, சாக்கில் சுற்றி, இடுப்பில் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்தாள். என்ன செடி என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்.

“ஆத்தா. துரைசானியே வாயால சொன்னுச்சு.”

கொல்லையின் கிழக்கு மூலையில், மத்தியான வெயில் படாத இடத்தில் நட்டாள். தண்ணீர் தேங்காமல் இருக்க அடியில் செங்கல் சல்லி. ஐஸுக்குப் பதில் தூரைச் சுற்றி ஈரச் சாக்கு. இலையில் பூச்சி விழுந்தால் அடுப்புச் சாம்பல். ஒன்றோடொன்று உரசும் கிளைகளை மட்டும் நறுக்கி, நடுவில் காற்றுப் போக வழி. (கட்டுரைக்குச் சேர்த்து வைத்த குறிப்புகளை இங்கே தள்ளிவிட்டேன். வீணாகவில்லை.)

லயத்து ஜனங்கள் அதற்கு மஞ்சள் துணி கட்டினார்கள். சாண் இடம் விடாமல் மரவள்ளி நட்டு வயிறு நிரப்பிய அந்தக் காலத்திலும் அந்த மூலையை யாரும் கேட்கவில்லை.

3

உண்மை தெரிந்தவர் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி கந்தையா ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கிலீஷ் படித்தவர். கன்றுகள் வந்த பெட்டியில் ஒட்டியிருந்த பெயரை வாசித்தவர் அவரே. முத்தாயியிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை கொல்லைக்குப் போனார். மூன்று முறையும் அவள் திருநீற்றை நீட்டினாள். பூசிக்கொண்டு திரும்பினார்.

(இவர்மேல் எனக்கே சந்தேகம் இருந்தது. முதல் பிரதியில் காட்டிக்கொடுப்பவராக வைத்திருந்தேன். ‘கந்தையாவின் கண்கள் கோணலாகச் சிரித்...’ வேண்டாம். அப்படிப்பட்ட கண்களைத் தொடர்கதைகளில் நிறையவே எழுதியாயிற்று. இவர் பயந்தவர், அவ்வளவுதான்.)

லாரியிலிருந்து ஜப்பானிய அதிகாரி ஒருவன் இறங்கினான். சோற்றுக்கு ஆகாத செடி எதுவும் இருக்கக்கூடாது, எல்லா இடத்திலும் மரவள்ளி. அதுதான் உத்தரவு. கந்தையா கூடவே நடந்தார். ஒருவர் வீட்டு ரோஜா போனது. இன்னொருவர் வீட்டுக் குரோட்டன்ஸ் போனது. முத்தாயியின் கொல்லைக்கு வந்ததும் அதிகாரி பிரம்பை நீட்டி, தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் ‘இது என்ன’ என்று கேட்டான்.

“இனி ஆப்பா?”

முத்தாயி மரத்துக்கு முன்னால் வந்து நின்றாள். “அப்பா இல்லீங்க. ஆத்தா.”

பின்னால் நின்ற, ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஆறுமுகம் சிரிப்பை அடக்க இருமினார். அதிகாரி சிரிக்கவில்லை. கந்தையாவைப் பார்த்தான்.

வெள்ளைக்காரன் செடி என்று சொன்னால் மரம் போகும். வைத்திருந்தவளின் கன்னமும் வீங்கும். சிரம்பானில் கட்டாயத்துக்குப் போய்க் கற்ற ஜப்பானியச் சொற்கள் நாற்பதும் கந்தையாவை விட்டுப் பறந்தன. ஒன்றே ஒன்று நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“கமி,” என்றார். சாமி.

அதிகாரியின் பிரம்பு தாழ்ந்தது. மஞ்சள் துணியைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். இடுப்பை மடித்து, நன்றாகக் குனிந்து வணங்கினான். அதை மட்டும் விட்டுச் சுற்றிலும் நடும்படி கையால் காட்டிவிட்டுப் போனான்.

ஜப்பான்காரனைக் கண்ட இடத்திலெல்லாம் குனிந்து குனிந்து முதுகு வலித்துக் கிடந்த லயம் அது. குனிய மறந்தவன் அறை வாங்கினான். இப்போது வெள்ளைக்காரன் வேலி முள்ளுக்கு ஜப்பான்காரன் குனிந்துவிட்டுப் போகிறான். லாரி மறைந்ததும் எழுந்த சிரிப்பில், பிடித்து வைத்திருந்த கோழிகள் மறுபடி ஓடின.

(மலாயில் ‘கமி’ என்றால் ‘நாங்கள்’. ஆறுமுகத்துக்கு மலாய்தான் தெரியும். “கிராணி நம்மளக் காட்டித்தான் சொன்னாரு. நமக்குத்தான் குனிஞ்சிட்டுப் போறான் லா,” என்று ஊரெல்லாம் சொன்னார். நான் திருத்தவில்லை.)

4

மரம் பூத்ததா என்று கேட்பீர்கள்.

முதல் முடிவு: சண்டை ஓய்ந்த வாரம் மரம் முழுக்க வெள்ளை. (அந்த வெக்கையில் ஹாத்தார்ன் பூப்பது கடினம் என்று என் குறிப்பிலேயே இருக்கிறது.) இரண்டாவது: துரைசானி திரும்பி வந்து செடியைக் கேட்கிறாள். (கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.) மூன்றாவது: ஒரே ஒரு மொட்டு, அது மெல்ல...

அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். செடி இனி உங்கள் கொல்லையில்.

எனக்கு ஒரு வேலைதான் பாக்கி. பொய் சொன்ன மனிதரை அப்படியே விட முடியவில்லை. அன்று சாயங்காலமே கந்தையாவை நான்காம் முறையாக முத்தாயியிடம் அனுப்பினேன்.

“பிள்ளை, ஒண்டு சொல்லோணும். கோவியாதை,” என்றார். “இது ஆத்தா இல்லை. ஹாத்தார்ன். இங்கிலாந்திலை வேலிக்கு வைக்கிற முள்ளு.”

முத்தாயி ஈரச் சாக்கைப் பிழிந்து தூரில் சுற்றி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“தெரியும் கிராணி ஐயா. துரைசானி பேரு சொல்றப்ப முன்னால ஒரு காத்து வரும். வெறும் முள்ளுன்னா மறுநாளே புடுங்கிட்டு மரவள்ளி வச்சிருப்பீங்க, அதான் அந்தக் காத்தை மட்டும் நான் முழுங்கிட்டேன்.”